விளக்கும் விளக்கமும்: ஜாம் போத்தலுக்கு இன்னொரு பிறப்பு

போன இதழில், ஏ9 வீதியோரத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் பழைய அரிக்கன் லாம்புக்குள் வெள்ளை எல்ஈடி பல்ப் செருகித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து, அந்த எரிச்சலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாம் விளக்குக் கேள்விகள். அதனால் இம்முறை தளபாடம், பெயின்ற் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன், கறையான் பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், யன்னல் கிறில்தான் வழக்கமான வேலை. வெளிநாட்டில் இருந்து வந்து வீடு கட்டுகிற ஆட்களும் ஒரு விடுதிக்காரரும் "அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு, அரிக்கன் லாம்பு மாதிரி, ஆனால் கரண்டில எரியிறதாகச் செய்து தருவீங்களோ" என்று கேட்கிறார்கள். எனக்கு ஆசைதான். அம்மாவோ "அந்தச் சனியனைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்கிறா. என்ன செய்யலாம்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அம்மா சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை முதலில் விளங்கிக்கொண்டால் விளக்கும் நல்லாக வரும்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வன்னியில் பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குச் சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் வரும் என்பது கதையில் கேட்ட விஷயம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. மோட்டார் சைக்கிள்கூட இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில்தான் ஓடியது, அப்படியிருக்க விளக்குக்கு எவ்வளவு மிஞ்சும்? அரிக்கன் லாம்பை மூலையில் வைத்துவிட்டு, வெறும் ஜாம் போத்தலை எடுத்து அடியில் கொஞ்சப் பஞ்சு வைத்து, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் சுற்றிய மெல்லிய திரி ஒன்றை நடுவில் நிறுத்திக் கொளுத்தினார்கள். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு, ஆனால் சூட்சுமம் ஒன்றுதான். சுடர் போத்தலுக்கு உள்ளேயே எரியும். காற்று அணைக்காது. போத்தலே எண்ணெய்த் தாங்கி, போத்தலே சிமினி, போத்தலே கால். அதன் வெளிச்சத்தில் ஒரு கொப்பியும் இரண்டு தலையும் அடங்கும், மூன்றாவது தலை வந்தால் நிழல் விழுந்து சண்டை வரும். காலையில் மூக்குக்குள் விரலை விட்டால் கரி. அம்மாவுக்கு அந்தக் கரி ஞாபகம் வருகிறது. விடுதிக்கு வருகிறவருக்கு வடிவு மட்டும் தெரிகிறது. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே போத்தலைத்தான்.

அப்படியென்றால் திரும்பச் செய்யும்போது எதை எடுப்பது? கரி பிடித்த தோற்றத்தையா? போத்தலில் கறுப்புப் பெயின்ற் தெளித்து, உள்ளே துடிதுடிக்கும் சுடர் மாதிரி நடிக்கிற எல்ஈடி வைத்து விற்கிறார்கள், எனக்கு அது பொம்மைக் கடைச் சாமான். அந்த விளக்கின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது: மிகக் குறைந்த செலவில், ஒரு மேசையின் ஒரு மூலைக்கு மட்டும், பக்கத்து வீட்டிலும் கிடைக்கிற ஒரு போத்தலால் வெளிச்சம் தருவது. உடைந்தால் அடுத்த போத்தல். இந்த மூன்றும் இருந்தால் தோற்றம் கொஞ்சம் மாறினாலும் அது ஜாம் போத்தல் விளக்குத்தான். இவை இல்லாவிட்டால் எவ்வளவு அச்சொட்டாகச் செய்தாலும் அது வெறும் போத்தல்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. யப்பானில் கிஃபு என்ற ஊர் மூங்கில் சிம்பாலும் மல்பெரிப் பட்டையில் செய்த கடதாசியாலும் கட்டும் கூட்டு விளக்குக்குப் பேர்போனது. 1951 இல் இசாமு நொகுச்சி என்ற சிற்பி அங்கே போனார். படுத்துக்கொண்டிருந்த தொழிலைத் தூக்கிவிட ஏதாவது செய்து தரும்படி ஊர் மேயர் கேட்டாராம். அவர் மெழுகுதிரியை எடுத்துவிட்டு பல்ப் வைத்தார், படம் எழுதுவதை விட்டார், உருவத்தை விதம்விதமாக மாற்றினார், ஆனால் கடதாசியையும், மூங்கிலையும், மடித்தால் தட்டையாகிப் பெட்டிக்குள் போகிற குணத்தையும் தொடவில்லை. 'அகாரி' என்று பெயர். இன்றைக்கும் அதே ஊரில் கையால்தான் கட்டுகிறார்கள். பழைய கிஃபு விளக்கையும் அகாரியையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சிலர் சொல்லமாட்டார்கள், ஆனால் தொழில்காரனின் கை ஒன்றே.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் நாட்டிலேயே குப்பி விளக்குக்கு ஒரு மறுபிறப்பு நடந்தது. மூடியில் துளை போட்டுத் தகரக் குழாயில் திரி விடும் அந்தக் குப்பி தட்டுப்பட்டால் உருளும், மூடி கழரும், எண்ணெய் கொட்டிப் பற்றும். எரிகாயங்களோடு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களில் அதற்கு மாற்றுச் செய்தார். கட்டையான, கனமான கண்ணாடி. உருண்டு ஓடாமல் இரண்டு பக்கம் தட்டை. திருகி இறுக்கும் மூடி. அவருக்கு அந்த யோசனை தந்தது மார்மைற் போத்தல்! 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மார்மைற் போத்தலுக்கு அந்த மரியாதை என்றால் ஜாம் போத்தல் என்ன குறைச்சல்?

சரி, வேலைக்கு வருவோம். 230 வோல்ட்டைப் போத்தலுக்குள் கொண்டுபோக வேண்டாம். போன் சார்ஜரில் வரும் 5 வோல்ட் போதும். பிள்ளை தொட்டாலும் பிரச்சினை இல்லை, கரண்ட் போன இரவில் பவர்பாங்கில் செருகினாலும் எரியும், அது அந்த விளக்கின் பரம்பரைக் குணத்துக்கும் பொருந்தும். வெளிச்சத்தின் நிறத்தைப் பெட்டியில் கெல்வினில் போட்டிருப்பார்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் 2000க்குக் கிட்ட. எனவே 2200, கிடைக்காவிட்டால் 2700, அதற்கு மேல் போகாதீர்கள். 6500 என்றால் ஆஸ்பத்திரி விறாந்தை. இன்னொன்று, சுடரை நேரே பார்க்கலாம், எல்ஈடி பொட்டை நேரே பார்த்தால் கண் கூசும். போத்தலின் மேல் பாதியைத் தெளிவாக விட்டு, கீழ்ப் பாதியை உட்பக்கம் மங்கலாக்குங்கள். பஞ்சு இருந்த இடத்தில் பஞ்சு மாதிரியே ஒரு வெண்மை வரும், நான் செய்து பார்த்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். அடிக்குக் கனம் வேண்டும், அதற்கு உங்கள் கிறில் வேலையில் விழும் இரும்புத் தகட்டுத் துண்டு இருக்கிறது. போத்தலைப் பிடிக்கும் தகரக் காதுகளைக் கொஞ்சம் விரிந்து கொடுக்கிற மாதிரி வையுங்கள், ஏனென்றால் எல்லாக் கொம்பனி ஜாம் போத்தலுக்கும் ஒரே அளவு இல்லை. கண்ணாடி உடைந்தால் வாங்கியவர் உங்களைத் தேடி வரக்கூடாது, கடைக்குப் போய் ஜாம் வாங்க வேண்டும்.

அரிக்கன் லாம்பு வேறு சாதி. பக்கத்தில் இரண்டு குழாய் மேலிருந்து கீழே வருகிறதே, அதைக் கைபிடி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் ஓடுவது காற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஜோன் இர்வின் என்பவர் செய்த ஏற்பாடு அது: திரிக்கு வேண்டிய காற்று அந்தக் குழாய் வழியாக அடங்கி இறங்கி வரும், அதனால் வெளியே புயல் அடித்தாலும் சுடர் ஆடாது. ஹரிக்கேன் என்ற பெயரே அப்படித்தான், அது எங்கள் வாயில் அரிக்கன் ஆகிவிட்டது. பல்ப் வைத்தவுடன் குழாய்க்கு வேலை இல்லாமல் போகிறது. அதனால் வயரை அதற்குள் விடுங்கள். மேலே தொங்கும் லாம்பு என்றால் வயர் மேலிருந்து குழாய்க்குள் இறங்கித் திரி இருந்த இடத்துக்கு வந்து சேரும், வெளியே ஒன்றும் தெரியாது, எண்ணெய்த் தாங்கியிலும் துளை போட வேண்டியதில்லை. தகர விளிம்பு வயரின் தோலைச் சீவும், ரப்பர் வளையம் போட மறக்க வேண்டாம். இதற்கும் 12 வோல்ட்டே நல்லது. கட்டாயம் 230 தான் வேண்டும் என்றால் உடம்பு முழுக்கத் தகரம் என்பதால் மூன்றுவயர் இழுத்து எர்த் கொடுங்கள், கரண்ட் கசிந்தால் தானே நிற்பாட்டுகிற ரிப் சுவிட்ச் உள்ள வீடுதானா என்றும் கேளுங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விடுதிக்குப் பதினெட்டு அரிக்கன் செய்து கொடுத்தேன். மலிவாக வந்ததென்று சாதாரண வெள்ளை பல்ப். கண்ணாடிக்கும் மூடிக்கும் இடையில் இருந்த காற்றுவழியையும் பூச்சி போகும் என்று அடைத்துவிட்டேன். சூடு வெளியே போக வழி இல்லை. எல்ஈடி சூடாகாது என்று யார் சொன்னது? அதன் அடியில் இருக்கிற சின்ன எலெக்ட்ரோனிக்ஸ் வெந்துபோகும். மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக இமைக்கத் தொடங்கி, ஆறாம் மாதம் பதினெட்டும் ஓட்டோவில் திரும்பி வந்தன. இரண்டு இன்னும் பட்டறையில் தொங்குகின்றன, ஆணிப் பெட்டியாக.

விலையை நீங்கள்தான் போடவேண்டும், கேற்றுக்குப் போடுவது மாதிரி இறாத்தல் கணக்கில் போடாதீர்கள், மணித்தியாலக் கணக்கில் போடுங்கள். லேபிளில் 'போர்க்கால விளக்கு' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. ஜாம் போத்தல் விளக்கு என்றால் தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவன் கேட்டால் அம்மா சொல்லட்டும். முதலாவதைச் செய்து இரவில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றும் சொல்லாமல். விடியும்வரை அதை அவர் தூக்கி வெளியே வைக்காவிட்டால் விடுதிக்காரருக்குப் போன் எடுங்கள்.

கேள்வி: தரையில் நிற்கிற, வளைந்து வந்து மேசைக்கு மேல் வெளிச்சம் போடுகிற வெளிநாட்டு லாம்பு ஒன்றின் படத்தைக் காட்டி, அப்படியே செய்து தரச் சொல்கிறார்கள். கீழே வெள்ளைக் கல். செய்தால் சட்டப் பிரச்சினை வருமா?
— வாசகர், வவுனியா

பதில்: நீங்கள் சொல்வது 'ஆர்க்கோ'. இத்தாலிய அண்ணன் தம்பி அக்கிலே காஸ்திலியோனி, பியர் ஜாக்கோமோ காஸ்திலியோனி இருவரும் 1962 இல் ஃப்ளோஸ் கொம்பனிக்காக வடிவமைத்தது. உலகத்தில் அதிகம் பிரதி எடுக்கப்பட்ட லாம்புகளில் ஒன்று, வழக்கும் அதற்கேற்ற மாதிரி. அந்தக் கொம்பனி போட்ட வழக்கு ஒன்றில் 2011 இல் ஐரோப்பிய நீதிமன்றம், பதிவில்லாத பழைய வடிவமைப்புக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கலாம் என்ற பக்கம் தீர்ப்புச் சொன்னது. இங்கே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பதிவுசெய்த கைத்தொழில் வடிவமைப்புக்கு முதலில் 5 வருடம், இரண்டு தரம் புதுப்பித்து மொத்தம் 15 வருடம். பதிப்புரிமை வேறு, அது பொதுவாக ஆக்கியவர் செத்து 70 வருடம் வரை, ஆனால் லாம்பு மாதிரிப் பாவனைக் கலைப்பொருள் என்றால் செய்ததில் இருந்து 25 வருடம். வவுனியாவில் ஒன்று செய்ததற்கு இத்தாலியில் இருந்து ஆள் வராது என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்றால் அது களவு, அவ்வளவுதான்.

முறையாகத் திரும்பச் செய்வது எப்படியென்றால், ஜேர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் 1924 இல் செய்த மேசை லாம்பைப் பாருங்கள். வெள்ளைக் கண்ணாடிக் கவிழ்கிண்ணம், கீழே வட்ட அடி. 1980 இல் ப்ரேமனில் ஒரு கொம்பனி அவரையே கேட்டு, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் ஒப்புதலோடு மறுபடி செய்யத் தொடங்கியது. இன்னும் விற்கிறது.

ஆனால் ஆர்க்கோவில் இருந்து படிக்கலாம், படிப்பதற்குக் காசில்லை. சீலிங்கில் துளை போடாமல் மேசைக்கு மேல் வெளிச்சம் வேண்டும், அதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. எங்கள் ஓட்டு வீடுகளில் சீலிங்கே இல்லையே, எங்களுக்கு இன்னும் பொருந்தும். அந்தக் கல் கிட்டத்தட்ட 65 கிலோ, வளைந்த தண்டு கவிழாமல் இருக்க. அதில் ஒரு துளை உண்டு, பார்க்க அலங்காரம் மாதிரி, ஆனால் தும்புத்தடித் தண்டைச் செருகி இரண்டு பேர் தூக்குவதற்கு! இதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதர்கள் மேல் மரியாதை வந்தது. நீங்கள் சீமெந்து ஊற்றிய அடியோடு, வளைந்த தண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் துலா மாதிரி ஒன்று செய்து பாருங்கள். துலாவும் அதே கணக்கைத்தான் போடுகிறது, உரிமையும் கேட்காது.

கேள்வி: அப்பா கூத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் பெற்றோல்மக்ஸ் வாடகைக்கு விட்டவர். ஒன்று மிச்சம் இருக்கிறது. மண்டபத்தில் தொங்க விட ஆசை. எப்படி மாற்றலாம்?
— வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, கொடுத்து வைத்தவர் நீங்கள். பேர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் கொம்பனியில் பிறந்த விளக்கு, பெற்றோலியம் என்பதையும் மாக்ஸ் என்பதையும் ஒட்டி வைத்த பெயர். கூத்துக் களரிக்குக் கொண்டு வருவதற்கு முன் உங்கள் அப்பா ஒரு மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டியிருப்பார்: ஸ்பிரிட் விட்டுச் சூடாக்கி, பம்ப் அடித்து, புஸ் என்று சத்தம் வந்து உள்ளே தொங்கும் மென்டில் என்ற வலைப்பை வெள்ளையாகப் பூத்ததும் கூடியிருந்த சனம் ஒரு பெருமூச்சு விடும், அதற்குப் பிறகுதான் கோவலன் வருவார்.

தாங்கியை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். பம்பையும் கழற்றாதீர்கள், பிள்ளைகள் கேட்பார்கள். மென்டில் தொங்கிய இடத்தில் ஒரு சின்ன ஹோல்டர் போதும். நிறத்தில் மட்டும் மேலே தம்பிக்குச் சொன்னதற்கு எதிராகச் சொல்கிறேன்: பெற்றோல்மக்ஸ் வெளிச்சம் அரிக்கன் மாதிரி மஞ்சள் அல்ல. 2200 போட்டால் அப்பாவின் விளக்காக இருக்காது, 3000 பக்கம் போங்கள், கண்ணாடியைப் பனிக்கண்ணாடியாக மாற்றுங்கள். உள்ளே பழைய மென்டில் ஒட்டியிருந்தால் ஊதித் துடைக்காதீர்கள். அதில் தோரியம் உண்டு, கொஞ்சம் கதிரியக்கம் உள்ளது. ஈரத்துணியால் எடுத்துப் பொதிந்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கேள்வி: உப்புத்தண்ணீர் விட்டால் எரியும் விளக்கு இணையத்தில் விற்கிறார்களே, உண்மையா? வற்றாப்பளை விளக்கு மாதிரியா?
— மாணவன், முல்லைத்தீவு

பதில்: கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து காட்டுவிநாயகர் கோயிலில் ஏற்றும் விளக்கைக் கடைச் சாமானோடு சேர்க்காதே தம்பி, அது நம்பிக்கை, அதில் நான் கைவைக்க மாட்டேன். கடையில் விற்பது பற்றரி. உப்புநீர் வழிவிட, உள்ளே இருக்கிற மக்னீசியத் தகடு கரைந்து கரண்ட் வருகிறது. தகடு கரைந்து முடிந்தால் நந்திக்கடலையே ஊற்றினாலும் எரியாது. புதுத்தகடு வாங்க வேண்டும், அதன் விலையைக் கேட்டுவிட்டு வாங்கு.

கேள்வி: அம்மம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கில் நடுவே துளை போட்டு வயர் விட்டு மேசை லாம்பு ஆக்கலாமா?
— வாசகி, மாங்குளம்

பதில்: வேண்டாம். எண்ணெய் விடுங்கள், எரியும்.

கேள்வி: பழைய மாதிரியில் புதிதாக வாங்கிய லாம்பு. கரண்டில் எரிவதுதான், ஆனால் உயரமான கண்ணாடிச் சிமினிக்குள் தூசியும் பூச்சியும். கை போகவில்லை. எப்படித் துடைப்பது?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஆறவிட்டுக் கழற்றுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே விட்டு, ஈர்க்குக் கட்டு ஒன்றால் சுழற்றுங்கள். பிடிவாதமான கறைக்குச் சலித்த சாம்பல், சோப் வேண்டாம், மங்கும். எங்கள் வீட்டில் பின்னேரம் ஐந்து மணிக்குச் சிமினி துடைப்பது என் வேலை, கை சின்னன் என்பதால். எட்டு வயதில் ஒருநாள் கை உள்ளே போய் மாட்டிக்கொண்டு, சிமினியைக் கையுறை மாதிரி மாட்டியபடி முற்றத்தில் நின்று அழுதேன். அம்மா தேங்காய் எண்ணெய் விட்டு எடுத்தா. அடுத்த நாளில் இருந்து அந்த வேலை தம்பிக்குப் போய்விட்டது.